தண்ணீர் கலக்காத மருந்துதான் எமன்: ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்தைக் கையாளும் முறை

குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட், புரோபெனோபாஸ், குயினால்பாஸ், மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், மாலத்தியான் என்று பெயர்கள் பல இருந்தாலும், உடம்பில் இவை செய்யும் வேலை ஒன்றே. நரம்பு, தசைக்கும் சுரப்பிகளுக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூலம் செய்தி அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. இந்த மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுவதால் செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில் வழியும், கண்ணீர் வடியும், நுரையீரலில் நீர் கோக்கும், தசைகள் துடிக்கும், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும்.

முடங்கிய நொதி சீக்கிரம் திரும்புவதில்லை. சிவப்பணுக்களில் இருப்பது நாளொன்றுக்குச் சுமார் 1 சதவீதம்தான் மீளும். நான்கு நாள் மருந்தடித்தும் ஒன்றும் ஆகாதவர் ஐந்தாம் நாள் கொஞ்சம் பட்டதற்கே சுருண்டு விழுவது இதனால்தான். "எனக்குப் பழகிவிட்டது" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அடிக்கடி தெளிப்பவர்கள் பருவம் தொடங்குமுன் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒப்பிட அந்தத் தொடக்க அளவுதான் ஆதாரம். சிவப்பணுவில் உள்ள நொதியின் அளவு அதில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் வேலையிலிருந்து விலக்கி, 80 சதவீதத்துக்கு ஏறிய பிறகே சேர்ப்பது கலிபோர்னியாவின் விதி. நல்ல அளவுகோல்.

கலக்கும்போது

லிட்டருக்கு 2 மில்லி கலந்தால், தெளிப்பு நீர் 500 மடங்கு நீர்த்தது. அப்படியென்றால் கேனிலிருந்து கையில் சிந்தும் ஒரு சொட்டு, 500 சொட்டு தெளிப்பு நீருக்குச் சமம். தெளிக்கும்போது கவசம் போட்டுக்கொண்டு, கலக்கும்போது வெறுங்கையோடு நிற்பது தலைகீழான பழக்கம். முழுக் கவசமும் முதலில் வேண்டியது கலக்கும் இடத்தில்தான்.

கையுறை நைட்ரைல் ரப்பரில், முழங்கை நோக்கி நீண்டதாக, உள்ளே துணி ஒட்டாததாக இருக்கட்டும். மருத்துவமனையில் போடும் மெல்லிய லேடெக்ஸ் கையுறை உதவாது. எண்ணெய்ப்பசையான திரவ மருந்துகளில் உள்ள சைலீன் போன்ற கரைப்பான்கள் அதைக் கடந்துவிடும். போடுமுன் ஊதிப் பார்த்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, ரப்பர் பூட்ஸ், மார்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை வரும் பிளாஸ்டிக் முன்கவசம் ஆகியவையும் வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு ஆவியைத் தடுக்காது. ஈரமானால் மருந்தை மூக்கோடு ஒட்டிவைக்கும். லேபிள் கேட்டால் கரிம ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடி தேவை. தாடி இருந்தால் அது முகத்தோடு பொருந்தாது.

காற்றோட்டமான வெட்டவெளியில், காற்று உங்கள் பின்னாலிருந்து வீசும்படி நில்லுங்கள். டேங்கில் பாதித் தண்ணீரை முதலில் ஊற்றி, மருந்தை அளவுகுவளையால் அளந்து சேர்த்து, பிறகு மீதித் தண்ணீரை நிரப்புங்கள். முகத்துக்கு மேலே கேனைத் தூக்கி ஊற்றாதீர்கள். கலக்கக் குச்சி போதும், கை வேண்டாம். அளந்த குவளையைக் கழுவிய நீர் டேங்குக்கே போக வேண்டும். அந்தக் குவளையும் வாளியும் வேறு எதற்கும் பயன்படக் கூடாது.

தோல்தான் முக்கிய வழி

பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்தை வைத்து மனிதத் தோலில் செய்த சோதனையில், முன்னங்கையில் பட்டதில் சுமார் 9 சதவீதம் உள்ளே போனது. நெற்றியில் 36, அக்குளில் 64, விரைப்பையில் ஏறத்தாழ முழுவதும். முதுகுத் தெளிப்பானின் மூடி சரியாக மூடாமல் முதுகு வழியாக இடுப்புக்கு ஒழுகுவது அதனால்தான் மிக ஆபத்து. மூடியின் வாஷரையும் குழாய் இணைப்புகளையும் முதலில் வெறும் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். நனைந்தால் "வேலை முடியட்டும்" என்று இருக்காமல், உடனே இறக்கி, உடையைக் கழற்றி, சோப்பால் கழுவுங்கள்.

தரை மட்டப் பயிருக்குத் தெளிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்கட்டும். தலைக்கு மேலே அடித்தால் கையுறையின் வாய் சட்டைக் கைக்கு மேலே வர வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உள்ளே ஓடும். பேன்ட் எப்போதும் பூட்ஸுக்கு வெளியே. காற்று பலமாக வீசினாலும் தெளிக்காதீர்கள். அதிகாலையில் இலை அசையாமல், புகை மேலே எழாமல் அப்படியே நிற்கும் நேரத்திலும் வேண்டாம், நுண்துளிகள் தொங்கிக்கொண்டே நகரும். அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள், மென்மையான தூரிகை போதும். புகை, வெற்றிலை, சாப்பாடு எதுவும் கை கழுவும்வரை கூடாது.

தெளித்த வயலுக்குள் நுழையும் இடைவெளி லேபிளில் இருக்கும். இலையில் காய்ந்துகிடக்கும்போது சில மருந்துகள் இன்னும் வீரியமான ஆக்சான் வடிவத்துக்கு மாறுவதுண்டு. அதனால் வாசனை போனது பாதுகாப்புக்கு அடையாளமல்ல.

முடித்த பிறகு

காலி கேனில் கால்பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி 30 விநாடி குலுக்கி, டேங்கில் கவிழ்த்து முழுதும் வடியவிடுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு யாரும் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ எடுக்காதபடி கேனைத் துளைத்துவிடுங்கள். எரிக்காதீர்கள். கையுறையோடே கையைச் சோப்பில் கழுவி, பிறகு கழற்றி, வெறுங்கையை மறுபடி கழுவுங்கள். வேலை உடையைத் தனியாகச் சூடான தண்ணீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். தண்ணீர் கலக்காத மருந்தில் நனைந்த துணியைத் துவைக்க முயல வேண்டாம், தூக்கி எறியுங்கள்.

மருந்து எப்போதும் அதன் கேனிலேயே, பூட்டிய இடத்தில், வெயில் படாமல் இருக்கட்டும். குளிர்பான பாட்டிலில் மாற்றி வைப்பது குழந்தைகளைக் கொல்லும் பழக்கம். சூடு இன்னொரு கேடும் செய்யும். மாலத்தியான் சூட்டில் ஐசோமாலத்தியானாக மாறி, பாதுகாப்பானதென்ற பெயரை இழக்கும். 1976-ல் பாகிஸ்தானின் மலேரியா ஒழிப்புப் பணியில் தெளிப்பவர்கள் பெருமளவில் நஞ்சேறியதற்கு இந்தக் கலப்புப் பொருளே காரணம். அந்தச் சம்பவத்தில் 5 பேர் இறந்தனர்.

நஞ்சேறினால்

வெயில் மயக்கம் என்று தவறாக நினைப்பது அதிகம். வெயிலால் சோர்ந்தவருக்கு வாய் வறண்டிருக்கும். நஞ்சேறியவருக்கு எச்சிலும் கண்ணீரும் வழியும், பெரும்பாலும் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை, மார்பு இறுக்கம் ஆகியவை முதல் எச்சரிக்கை. அப்போதே வேலையை நிறுத்த வேண்டும்.

உதவுபவர் முதலில் கையுறை போடட்டும். நோயாளியை மருந்து இல்லாத இடத்துக்கு நகர்த்தி, உடை, பெல்ட், செருப்பு எல்லாவற்றையும் அகற்றுங்கள். முடி, நகக்கண், மடிப்புகள் உட்பட 15 முதல் 20 நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கழுவுவதற்காக ஆஸ்பத்திரி வண்டியை அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர். விழுங்கியிருந்தால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். வாந்தியோடு கரைப்பான் நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, லேபிளையோ அதன் படத்தையோ கையோடு கொண்டுபோங்கள்.

மருத்துவர் அட்ரோபின் கொடுப்பார், சில சமயம் பிராலிடாக்சிமும். முன்கூட்டியே அட்ரோபின் விழுங்கிவிட்டு மருந்தடிப்பது அறிகுறியை மறைக்குமே தவிர நஞ்சைத் தடுக்காது. தேறிய பிறகும் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் போவதும் மூச்சு தளர்வதும் உண்டு. இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் கால்கள் மரத்து பலம் குறைவதும் உண்டு. எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மறுபடி மருத்துவமனைக்குப் போங்கள்.