பழைய நாஸ் பெட்டியில் டெபியன்: பென் டிரைவிலிருந்து ஓட்டுவது எப்படி

பாலக்கோட்டில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பத்து வருடத்துக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுப் படங்கள் எல்லாம் அவர் மேசைக்கு அடியில் இருந்த சின்ன நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் சேமிப்புப் பெட்டியில், கிடந்தன. இரண்டு ஹார்டு டிஸ்க் போடும் பெட்டி. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து அது நெட்வொர்க்கில் திறக்கவே இல்லை. "தம்பி, இதை எடைக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டார். "ஒரு வாரம் குடுங்கண்ணே, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தப் பெட்டி இப்போது டெபியன் 12 என்ற லினக்ஸில் ஓடுகிறது, அதே மேசைக்கு அடியில். எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டி கெட்டுப்போனதால் திறக்காமல் போகவில்லை. அந்தக் காலத்து நாஸ்கள் பல, விண்டோஸோடு கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி என்ற முறையின் முதல் பதிப்பில்தான் பேசும். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, அதாவது 2017-இலிருந்து, புதிதாக விண்டோஸ் போட்டால் அந்தப் பழைய பதிப்பு தானாக வருவதில்லை. அதை விண்டோஸில் மறுபடி இயக்கிவிடு என்று யாராவது சொல்வார்கள், செய்யாதீர்கள். ஓட்டை உள்ள கதவைத் திறந்து வைக்கிற வேலை அது. டிஎன்எஸ்-325 போன்ற சில டி-லிங்க் நாஸ்களில் 2024-இல் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது, மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் பதில் வந்தது. வன்பொருள் நன்றாக இருக்கும்போது மென்பொருளை மட்டும் மாற்றினால் போதும் என்பது என் கருத்து.

முதலில் உங்கள் பெட்டிக்குள் என்ன சிப் இருக்கிறது என்று பாருங்கள். 2009 முதல் 2013 வரை வந்த சின்ன நாஸ்களில் பெரும்பாலும் மார்வெல் கிர்க்வுட் இருக்கும். டி-லிங்க் டிஎன்எஸ்-320, 325, சைக்செல் என்எஸ்ஏ-310, 325, ஐயோமெகா ஐஎக்ஸ்2-200 எல்லாம் இந்தக் குடும்பம். லினக்ஸின் மையமான கர்னலின் மூல நிரலில் இவற்றுக்கெல்லாம் டிவைஸ் ட்ரீ கோப்பு, அதாவது போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு, இருக்கிறது. கிர்க்வுட் என்று தொடங்கி உங்கள் மாடல் பெயரில் கோப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது. ரேம் 256 எம்பி இருந்தால் தாராளம். 128 எம்பியிலும் ஓடும், ஆனால் டெபியனில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கருவியில் அப்டேட் போடும்போது பொறுமை வேண்டும். இன்டெல் ஆட்டம் சிப் உள்ள பெட்டி கிடைத்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம், சாதாரணக் கம்ப்யூட்டர் மாதிரி போட்டுக்கொள்ளலாம். டபிள்யூடி மை புக் லைவ் வைத்திருப்பவர்கள் டெபியனைத் தேடாதீர்கள், அதன் சிப் பவர்பிசி என்ற வேறு வகை. அதற்கு ஓபன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான லினக்ஸ் இருக்கிறது.

இன்னொன்றும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கிர்க்வுட்டுக்கான டெபியன் ஆர்மெல் என்ற வகை. டெபியன் 12 வரை அதற்குக் கர்னலும் இன்ஸ்டாலரும் உண்டு, 2025-இல் வந்த டெபியன் 13-இல் கிர்க்வுட்டுக்கு இரண்டும் இல்லை. அதனால் 12-ஐப் போட்டு, வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ரவுட்டரில் போர்ட் திறந்து இணையத்தில் விடக் கூடாது. புதுக் கர்னல் தொடர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு ஓபன்டபிள்யூஆர்டி நல்ல வழி, அதில் கிர்க்வுட் பெட்டிகள் பல இருக்கின்றன.

சரி, வேலைக்கு வருவோம். முதல் நாள் பெட்டியைத் தொடவே இல்லை, டிஸ்க்கைத்தான் தொட்டேன். இரண்டையும் கழற்றி, இடது வலது என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி, சாட்டா டாக்கில் வைத்து லினக்ஸ் லேப்டாப்பில் படித்தேன். ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல்) என்றால் எம்டிஏடிஎம் கருவி ஒரு டிஸ்க்கை வைத்தே திறந்துவிடும். படிப்பதற்கு மட்டும் என்று மவுன்ட் செய்து எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். கையோடு டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரமும் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய செக்டர், நிலுவையில் உள்ள செக்டர் என்று இரண்டு வரிகள் வரும். நிலுவை வரியில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். ஸ்டுடியோ டிஸ்க் ஒன்றில் 14 இருந்தது. அதை அன்றைக்கே ஒதுக்கி, வேறு டிஸ்க்குக்கு மாறினோம்.

அடுத்தது பெட்டியை லேப்டாப்போடு பேசவைக்கும் சீரியல் கம்பி. இது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். பெட்டிக்கு மானிட்டர் கிடையாது, நெட்வொர்க் வராவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேறு வழி இல்லை. யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் என்று கேட்டால் கிடைக்கும், சிபி2102 சிப் உள்ளது எனக்குப் பிடிக்கும். அது 3.3 வோல்ட்டாக இருக்க வேண்டும். நான் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 3.3 என்று சொல்லிக் கொடுத்ததை அப்படியே நம்பி வாங்கி வந்தேன். அதில் ஜம்பர் 5 வோல்ட்டில் இருந்தது, வேறொரு பழைய போர்டின் சீரியல் வாசல் அதோடு போய்விட்டது. அன்றிலிருந்து அடாப்டரை லேப்டாப்பில் செருகி, மல்டிமீட்டரில் டிஎக்ஸ் (அனுப்பும்) முனையை அளந்து பார்த்த பிறகுதான் போர்டில் மாட்டுகிறேன்.

போர்டில் நாலைந்து ஊசிகள் வரிசையாக நிற்கும், அல்லது ஊசி இல்லாத ஓட்டைகள் வரிசையாக இருக்கும். கண்டுபிடிக்கும் விதம் இது. கரண்ட் இல்லாமல், மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை யூஎஸ்பி வாசலின் உலோகக் கூட்டில் வையுங்கள். எந்த ஊசி பீப் என்று கத்துகிறதோ அதுதான் கிரவுண்டு. பிறகு கரண்ட் கொடுத்து மற்ற ஊசிகளை அளங்கள். ஆடாமல் 3.3-இல் நிற்பது சப்ளை, அதில் எதையும் மாட்டக் கூடாது. பெட்டி எழுந்திருக்கும் முதல் சில வினாடிகளில் 3.3-க்குக் கீழே துள்ளித் துள்ளி இறங்குவது போர்டின் டிஎக்ஸ். மிச்சம் ஆர்எக்ஸ், வாங்கும் முனை. போர்டின் டிஎக்ஸ் அடாப்டரின் ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு, கிரவுண்டு கிரவுண்டுக்கு, மொத்தம் மூன்றே கம்பி. வேகம் 115200. திரை காலியாக இருந்தால் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டையும் மாற்றிப் போடுங்கள். கிறுக்கலாக வந்தால் வேகம் தப்பு, அல்லது கிரவுண்டு சரியாகப் பிடிக்கவில்லை.

கம்பி சரியாக இருந்தால், பெட்டியைப் போட்டதும், கர்னலை ஏற்றி எழுப்பும் யூ-பூட் என்ற நிரல் பேசும். எண்ணிக்கை இறங்கும்போது ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் பெரும்பாலும் நிற்கும். அங்கே பிரிண்ட்என்வ் கட்டளை கொடுத்து, வருகிற அத்தனை வரிகளையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். பெட்டியின் மேக் முகவரி, கர்னலை எந்த நினைவக முகவரியில் ஏற்றுகிறது, எதைப் பூட் செய்கிறது எல்லாம் அதில் இருக்கும். அந்த முகவரி எண்களைத்தான் நீங்களும் பயன்படுத்த வேண்டும். வேறு மாடலுக்கு எழுதியிருந்த எண்களை எடுத்துப் போட்டு, கர்னலும் இனிட்ஆர்டியும் (கர்னலுக்கு முதலில் வேண்டிய டிரைவர்கள் உள்ள கோப்பு) ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஏன் ஓடவில்லை என்று நான் ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன்.

இப்போது லேப்டாப்பில் பென் டிரைவைத் தயார் செய்வோம். 16 ஜிபி போதும். முதல் பகுதி 256 எம்பி, ஃபேட் வகை. மிச்சமெல்லாம் இஎக்ஸ்டி4. முதல் பகுதியையும் இஎக்ஸ்டி4 ஆக்கினால் பழைய யூ-பூட்டுக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் ஃபேட். இரண்டாவது பகுதியில் டெபூட்ஸ்ட்ராப் என்ற நிறுவும் கருவி கொண்டு புக்வோர்ம் (டெபியன் 12-இன் பெயர்) ஆர்மெல்லை இறக்குங்கள். லேப்டாப்பிலேயே ஆர்ம் நிரல்கள் ஓட கியூஈமு யூசர் ஸ்டாட்டிக் தொகுப்பு வேண்டும். க்ரூட் கட்டளையால் அந்தப் பகுதிக்குள் போய் மார்வெல் கர்னல், ஓபன்எஸ்எஸ்எச், ஃபேக் எச்டபிள்யூகிளாக் மூன்றையும் நிறுவுங்கள். ரூட் கடவுச்சொல் வையுங்கள், எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பகுதிகளை லேபிள் பெயரால் எழுதுங்கள், ரவுட்டரே முகவரி கொடுக்கும்படி நெட்வொர்க்கை டிஎச்சிபியில் விடுங்கள்.

பழைய யூ-பூட்டுக்கு டிவைஸ் ட்ரீ என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் கர்னல் கோப்பின் வாலில் உங்கள் மாடலின் டிவைஸ் ட்ரீ கோப்பை (டிடிபி) கேட் கட்டளையால் ஒட்டவேண்டும். ஒட்டியதை எம்கே-இமேஜ் கருவியில் கொடுத்தால் யூ-பூட்டுக்குப் புரியும் தலைப்போடு வெளிவரும். இனிட்ஆர்டிக்கும் இதே மாதிரி தலைப்பு வேண்டும். இனிட்ஆர்டி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், டெபியன் கர்னலில் யூஎஸ்பி சேமிப்பகத்துக்கான டிரைவர் அதற்குள்தான் இருக்கிறது, அது இல்லாவிட்டால் ரூட் பகுதி கிடைக்காமல் நின்றுவிடும். இரண்டு கோப்பையும் ஃபேட் பகுதியில் போடுங்கள்.

பென் டிரைவைப் பெட்டியில் செருகி, யூ-பூட்டை நிறுத்தி, கையால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். யூஎஸ்பியை எழுப்பும் கட்டளை, கோப்புகளை நினைவகத்தில் ஏற்ற ஃபேட்லோட் இரண்டு முறை, கர்னலுக்குச் சொல்லும் பூட்ஆர்க்ஸ் வரியில் கன்சோலும் ரூட் லேபிளும் பத்து வினாடி ரூட்டிலேவும் (ரூட் பகுதிக்குக் காத்திருக்கும் நேரம்), கடைசியில் கர்னலை ஓட்டும் பூட்எம். சில பென் டிரைவ்கள் யூ-பூட்டுக்குப் பிடிக்காது, வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். எனக்கு மூன்றாவதுதான் எழுந்தது. லாகின் கேட்கும் வரி திரையில் வந்தபோது அண்ணனும் பக்கத்தில் நின்றிருந்தார், அவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

கவனியுங்கள், இதுவரை பெட்டியின் உள் நினைவகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பென் டிரைவைப் பிடுங்கினால் பழைய பெட்டி அப்படியே எழும். இந்த நிலையில் உள் நினைவகத்தைக் கையாளும் எம்டிடி கருவிகளை நிறுவி, நாண்ட்டம்ப் கொண்டு எல்லா எம்டிடி பகுதிகளையும் நகல் எடுத்து லேப்டாப்புக்கு மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டு மூன்று தடவை கையால் பூட் செய்து நம்பிக்கை வந்த பிறகுதான், யூ-பூட் அமைப்புகளைச் சேமிக்கும் சேவ்என்வ் கட்டளை. பழைய பூட் வரியை அழிக்காமல் வேறு பெயரில் வைத்து, முதலில் யூஎஸ்பி, அது தவறினால் பழையது என்று புது வரி எழுதுங்கள். அந்த ஒரு நொடியில் கரண்ட் போனால் யூ-பூட்டின் அமைப்புகள் பாழாகலாம். சித்திரை மாத மதியம் தருமபுரிப் பக்கம் காற்றும் இடியும் சேர்ந்து வந்தால் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. நான் பெட்டியையும் லேப்டாப்பையும் யூபிஎஸ்ஸில் மாட்டி, காலையில் ஏழு மணிக்கு அதைச் செய்தேன். ஒருவேளை யூ-பூட்டே போய்விட்டாலும் கிர்க்வுட்டில் சீரியல் வழியாக யூ-பூட்டை ஏற்றும் கேடபிள்யூ-பூட் என்ற வழி இருக்கிறது. அதற்கும் அந்த மூன்று கம்பிதான் வேண்டும்.

பூட் ஆன பிறகு முதல் தொல்லை கடிகாரத்தில் வரும். உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும், தேதி எங்கோ பழைய வருடத்தில் நிற்கும், தொகுப்புப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஆப்ட் மறுக்கும். பேட்டரியை மாற்றி, நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கும்படி வைத்தால் தீர்ந்தது.

அதைவிட முக்கியம் விசிறி. பழைய மென்பொருள்தான் அதை ஓட்டிக்கொண்டிருந்தது. புது லினக்ஸில் அது நின்றே கிடக்கலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். டிஎன்எஸ்-325 மாதிரிப் பெட்டிகளில் டிவைஸ் ட்ரீயிலேயே விசிறி எழுதப்பட்டிருக்கிறது, ஃபேன்கன்ட்ரோல் தொகுப்பைப் போட்டு வெப்பத்துக்கு ஏற்ப ஓட்டலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி வெயிலில் தகரக் கூரைக் கடைக்குள் பெட்டி இருக்கிறது என்றால் இதைச் சோதிக்காமல் டிஸ்க்கை மாட்டாதீர்கள். ஸ்டுடியோவில் டிஸ்க் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டினால் விசிறி முழு வேகத்தில் சுற்றும்படி வைத்திருக்கிறேன். ஒட்டியிருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டியதிலேயே நாலு டிகிரி குறைந்தது.

விண்டோஸுக்குக் கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருளில் குறைந்தபட்சப் பதிப்பு எஸ்எம்பி2 என்று வைத்தால் விண்டோஸ் உடனே பார்த்துவிடும். ரேம் போதாதபோது பயன்படும் ஸ்வாப்பைப் பென் டிரைவில் வைக்காதீர்கள், டிஸ்க்கில் வையுங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவ் சீக்கிரம் தேய்ந்துவிடும். கர்னல் அப்டேட் வரும்போது அந்த வால் ஒட்டும் வேலையைத் திரும்பச் செய்யவேண்டும். அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி கர்னல் போஸ்ட்இன்ஸ்ட் கோப்புறையில் போட்டிருக்கிறேன், பெயரை இசட் இசட் என்று தொடங்கினால் இனிட்ஆர்டி உருவான பிறகு கடைசியில் ஓடும். இதற்கென்றே ஃபிளாஷ்-கர்னல் என்ற தொகுப்பு உண்டு, ஆனால் சில மாடல்களில் அது நேரே உள் நினைவகத்தில் எழுதிவிடும், அதனால் நான் போடுவதில்லை.

முழு ஜிகாபிட் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், சிப்பால் முடியாது. கல்யாண ஆல்பத்தை ராத்திரி ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் விட்டுவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும், அண்ணனுக்கு அது போதும். இரண்டு டிஸ்க்கும் ரெய்டு 1-இல் இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறை மூன்றாவது டிஸ்க்கில் நகல் எடுத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மின்னல் நெட்வொர்க் கம்பி வழியாக வந்தால் பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் சேர்ந்தே போகும்.

கடைசியாக, ஓடுகிற பென் டிரைவை அப்படியே இன்னொரு பென் டிரைவில் நகல் எடுத்து, பெட்டியின் மூடிக்கு உட்புறம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். ஐபி முகவரியையும் தேதியையும் அதன்மேல் எழுதியிருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் பெட்டி எழவில்லை என்றால், மூடியைத் திறந்து பழையதை எடுத்துவிட்டு இதைச் செருகச் சொல்லி அண்ணனிடம் செய்தும் காட்டிவிட்டேன்.