குளத்தில் கழிவுநீர் கலந்தால்: ஜமாஅத்துக்குள் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) பேசுவது எப்படி

தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காப்பட்டணம், கோட்டாறு என்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு குளமோ சானலோ கண்ணில் படும், பல இடங்களில் வீட்டுக் கழிவுநீர் அதில்தான் போய் விழுகிறது. இதை மார்க்க விஷயமாக எடுத்துப் பேச வேண்டும் என்று நினைக்கிற இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஒரு ஹதீஸை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். முதலில் விவரம் சேருங்கள், ஆதாரம் அப்புறம். ஒரு விஷயம் என்னவென்று சரியாக விளங்கிய பிறகுதான் அதற்குத் தீர்ப்பு சொல்ல முடியும் என்பது ஃபுகஹாக்களே (மார்க்கச் சட்ட அறிஞர்களே) வைத்திருக்கிற விதி.

பங்குனி, சித்திரையில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது குளத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீருக்குள் மறைந்திருந்த குழாய் வாய்கள் அப்போது வெளியே தெரியும். எது குளியலறைத் தண்ணீர், எது கழிப்பறைத் தொட்டியிலிருந்து வருகிறது, யார் யார் இந்தக் குளத்தில் குளிக்கிறார்கள், எந்த வயலுக்குப் பாய்கிறது, பக்கத்துக் கிணறுகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, குளம் பொதுப்பணித் துறையுடையதா பஞ்சாயத்துடையதா, எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டுக்காரர் பெயரை மட்டும் எழுதாதீர்கள், அவமானப்படுத்துவது நம் நோக்கம் இல்லை.

அடுத்தது கேள்வி. இதில்தான் பெரும்பாலும் தடம் மாறுகிறது. "இந்தக் குளத்தில் ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்யலாமா ஹஜ்ரத்?" என்று பள்ளி இமாமிடம் கேட்டால் அவர் தஹாரத் (சுத்தம்) பாடத்திலிருந்து பதில் சொல்வார்: ஷாஃபிஈ மத்ஹபில் (சட்ட மரபில்) இரண்டு குல்லத், அதாவது சுமார் 200 லிட்டருக்கு மேல் இருக்கிற தண்ணீர், நஜீஸ் (அசுத்தம்) விழுந்து நிறமோ ருசியோ வாடையோ மாறாதவரை சுத்தம்தான். ஹனஃபியில் பத்துக்குப் பத்து முழம் என்று அளவு வேறு. பதில் சரி. ஆனால் அதைக் கேட்டுவிட்டு "குளத்துக்கு ஒன்றும் இல்லையாம்" என்று ஊர் முடிவு செய்துவிடும். ஒளு கூடுமா என்பது ஒரு கேள்வி, அந்தக் குழாயை அங்கே விடலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டாவதைத் தனியாக எழுதிக் கேளுங்கள்: "பலர் பயன்படுத்தும் தண்ணீரில் கழிவை விடுகிறவர் மீது மார்க்கத்தில் என்ன பொறுப்பு?"

இதற்கு ஆதாரம் தாராளமாக இருக்கிறது. தண்ணீர்த் துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று அபூதாவூத் ஹதீஸ் நூலில் வருகிறது. பொது இடத்தைக் கெடுத்து மக்களுக்குத் தொல்லை கொடுப்பதுதான் அதற்குக் காரணம் என்றால், கழிப்பறைக் குழாயை அதனோடு கியாஸ் செய்வதில் (ஒப்பிட்டுத் தீர்ப்பு காண்பதில்) சிரமமே இல்லை. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்ற ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது, தீங்கு நீக்கப்பட வேண்டும் என்ற பெருவிதி அதிலிருந்து பிறந்ததுதான்.

இத்தோடு நிறுத்திக் குழாயை அடைத்துவிட்டால் அநியாயம் ஆகிவிடும். இரண்டு சென்டில் வீடு கட்டியிருப்பவர் உறிஞ்சுகுழிக்கு எங்கே இடம் தேடுவார்? ஒரு தீங்கை அதே அளவு இன்னொரு தீங்கால் நீக்கக் கூடாது என்பதும் விதிதான். ஆகவே மாற்று வழியையும் ஜமாஅத்தே சேர்த்து யோசிக்க வேண்டும். அவர் ஜகாத் பெறத் தகுதியுள்ளவர் என்றால் பணத்தை அவர் கையில் உரிமையாகக் கொடுக்கலாம். பல வீடுகளுக்குப் பொதுவான தொட்டி என்றால் ஜகாத்தைத் தொடாதீர்கள், பெரும்பாலான இமாம்கள் அதை ஏற்பதில்லை, சதகா (விருப்ப தானம்) வசூலிப்பதே நல்லது. வக்ஃபுப் பணத்துக்கு வக்ஃபு செய்தவர் வைத்த நிபந்தனை உண்டு, அதை மாற்ற நிர்வாகத்துக்கு உரிமை இல்லை.

அடுத்தவரைச் சொல்லும் முன் பள்ளியின் ஒளுக் குழாயைப் பாருங்கள். ஒருவர் வழக்கம்போல ஒளு செய்யட்டும், கீழே ஒரு வாளியை வைத்துத் தண்ணீரை அளந்து பாருங்கள். நபி (ஸல்) ஒரு முத்து (இரு கை சேர்த்து அள்ளும் அளவு) தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் நூல்களிலும் வருகிறது, அது ஷாஃபிஈ கணக்கில் சுமார் முக்கால் லிட்டருக்குள். ஓடும் ஆற்றில் இருந்தாலும் விரயம் செய்யாதே என்ற ஹதீஸையே எல்லோரும் சொல்வார்கள், அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது, முத்து ஹதீஸை எடுத்தால் யாரும் மறுக்க முடியாது. ஒளு செய்த தண்ணீரால் மறுபடி ஒளு கூடாதே தவிர அது நஜீஸ் இல்லை, எனவே தாராளமாகத் தென்னைக்கும் மட்டி வாழைக்கும் விடலாம். ஒரு குழாயும் சின்னத் தொட்டியும் போதும். ஹஜ்ரத் தயங்கினால் சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1978-லேயே முழுமையாகச் சுத்திகரித்த கழிவுநீரைத் தூய்மையானதாக ஏற்றுத் தீர்ப்பளித்ததைச் சொல்லுங்கள், நாம் கேட்பது அதைவிட எளிய விஷயம்.

கல்குவாரி போன்ற பிரச்சினைகளை மஹல்லாவுக்குள் (ஜமாஅத் எல்லைக்குள்) தீர்க்க முடியாது. பொதுத் தீங்கைத் தடுக்கத் தனியார் நஷ்டத்தைத் தாங்கலாம் என்று உஸ்மானியர்களின் மஜல்லா சட்டத் தொகுப்பில் இருக்கிறது, ஆனால் நடைமுறைப்படுத்த ஆட்சியரிடமும் பசுமைத் தீர்ப்பாயத்திடமும்தான் போக வேண்டும். நம் ஆட்களில் யாராவது அந்தத் தொழிலில் இருந்தால், அனுமதிக்கு மீறி ஒரு லோடு எடுப்பதும் பொதுச் சொத்தில் கைவைப்பது என்று ஹஜ்ரத்தை விட்டே சொல்லச் சொல்லுங்கள்.

முடிவானதும் ஜமாஅத் பதிவேட்டில் எழுதி, யார் எந்த மாதம் குளத்தைப் பார்ப்பது என்று பெயர் போட்டு, ஜும்ஆவுக்குப் பிறகு வாசித்துவிடுங்கள். குளத்தைப் பயன்படுத்தும் மற்ற சமுதாயத்தாரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் அவர்களும் பங்காளிகள்.