கத்திரி வெயிலில் ஏலகிரி: சென்னையிலிருந்து காரில் இரண்டு நாள்

பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வரும் நேரமும் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், சென்னையிலிருந்து மே மாதத்தில் காரில் கிளம்புகிறவர்கள் எங்கே போகலாம் என்பதைவிட எந்த நேரத்தில் சாலையில் இருக்கலாம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது. காலை பதினொரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும், மாலை நான்கு மணி வரை நிழலில் இருக்க வேண்டும் என்ற இரண்டு வரம்புகளை வைத்துக்கொண்டால், போகக்கூடிய ஊர்களின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்களுக்கு மாமல்லபுரம் போதும். ஆனால் கடற்கரைக் கோயிலுக்குக் காலை ஆறரை மணிக்கே போய்விட வேண்டும், ஏனெனில் பத்து மணிக்கு மேல் அந்தக் கற்பரப்பில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, தொலைவும் அதிகம். இரண்டு நாள் மட்டுமே கையில் உள்ளவர்களுக்கு நான் சொல்வது ஏலகிரி.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவிலும், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று மேலும் இருக்கிற மலை அது. அங்கே ஊட்டிக் குளிரை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மே மாத நண்பகலில் அங்கும் வியர்க்கும். பொழுது சாய்ந்த பிறகு வீசுகிற காற்றும், மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துப் போர்வையைத் தேட வைக்கிற பின்னிரவும்தான் அங்கே நமக்குக் கிடைப்பவை. ஆகவே தங்கும் அறையை முன்பதிவு செய்யும்போது குளிர்சாதன வசதியைவிட, மரநிழலும் வராந்தாவும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கோடை விழா நடக்கிற ஆண்டாக இருந்தால் அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம் என்பதால், தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம்.

வண்டியைப் பொறுத்தவரை, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக், வைப்பர் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். டயரின் காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் அளக்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கும். நான்கு டயர்களுக்கும் காற்றடித்துவிட்டு ஸ்டெப்னியை மறந்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் வேலூரைத் தாண்டி நண்பகலில் எங்கள் வண்டி பஞ்சரானபோது, டிக்கியிலிருந்து எடுத்த ஸ்டெப்னி கையால் அழுத்தினாலே அமுங்கியது. வெயிலில் தார்ச்சாலையில் வைத்த ஸ்பேனரை வெறுங்கையால் தொட முடியாமல், ஈரத்துண்டைச் சுற்றிப் பிடித்து நட்டுகளைக் கழற்றி, அந்த டயரை உருட்டிக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போனதில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. தவறு முழுவதும் என்னுடையதே. அன்றிலிருந்து ஸ்டெப்னிக்குத்தான் முதலில் காற்றடிக்கிறேன். தேசிய நெடுஞ்சாலையில் உதவி தேவைப்பட்டால் 1033 என்ற எண்ணையும், ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம். வழியில் சுங்கச்சாவடிகள் பல வருவதால் பாஸ்டேகில் போதிய பணம் இருக்கிறதா என்பதை முந்தைய இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால், பொழுது புலரும்போது காஞ்சிபுரத்தை நெருங்கிவிடலாம். வழி நெடுக மேற்கு நோக்கியே போவதால் சூரியன் முதுகுக்குப் பின்னால்தான் எழும். கண் கூசாமல் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல வசதி வேறில்லை. நெடுஞ்சாலையிலிருந்து சில கிலோமீட்டர் விலகி ஊருக்குள் போகப் பொறுமை உள்ளவர்களுக்குக் காஞ்சிபுரத்தில் மந்தாரை இலையில் வேகவைத்த, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கிற கோயில் இட்லி கிடைக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துக்கொள்வது நல்லது: புளியோதரை இரவு வரை தாங்கும், தயிர் சாதத்தைப் பால் அதிகமாகவும் தயிர் ஒரு கரண்டி மட்டுமாகவும் விட்டுப் பிசைந்தால் நண்பகல் வரை புளிக்காது. குடிநீரை ஆளுக்கு மூன்று லிட்டர் என்று கணக்கிடுங்கள். சாலையோரம் விற்கிற நுங்கை எதிரிலேயே சீவச் சொல்லி அங்கேயே சாப்பிடுவதுதான் முறை. பொட்டலம் கட்டி வாங்கிக் காரில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் நீர்விட்டுக் குழைந்துபோகும்.

ஆம்பூரை எட்டரை மணிக்கெல்லாம் கடந்துவிடுவோம் என்பதால், சீரகச் சம்பா பிரியாணியையும் தொட்டுக்கொள்ளத் தருகிற கத்திரிக்காயையும் திரும்பி வரும் வழிக்கு ஒத்திவைப்பதே உசிதம். வயிறு நிறையப் பிரியாணி தின்றுவிட்டு மலையேறினால் பின்னிருக்கையில் இருப்பவர்களின் பாடு திண்டாட்டம். வாணியம்பாடியைத் தாண்டிப் பொன்னேரி என்ற ஊரிலிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. இது திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி அன்று என்பதைக் கைப்பேசி வரைபடத்தில் ஊர்ப்பெயரைத் தட்டுகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்களின் பெயர்களும், பாரி, காரி, ஓரி என்று வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. பலகைகளை உரக்கப் படிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் தலைசுற்றலை மறந்துவிடுவார்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதும், பிரேக்கை மிதித்தபடியே வருவதும் பிரேக்கைச் சூடேற்றிப் பிடிப்பைக் குறைத்துவிடும். எஞ்சின் கொதித்துவிட்டால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

மேலே பார்க்கவேண்டியவை அதிகமில்லை என்பதே இந்த மலையின் சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. மாலையில் புங்கனூர் ஏரியில் படகு, மறுநாள் விடியலில் சுவாமிமலைக்கு நடை, இடையில் சாலையோரக் கடைகளில் பலாச்சுளை: இவ்வளவுதான். சுவாமிமலைக்கு ஏறுகிறவர்கள் ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி, வெயில் உறைப்பதற்குள் இறங்கிவிட வேண்டும். ஜலகாம்பாறை நீர்வீழ்ச்சியைப் பலரும் சொல்வார்கள். மழை பெய்யாத மே மாதத்தில் அங்கே பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்க முடியும். உள்ளூர்க்காரர் ஒருவரிடம் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டுவிட்டுப் போவது ஒரு நாளின் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் நாள் பன்னிரண்டு மணிக்கு மலையிறங்கி, ஆம்பூரில் சாப்பிட்டு, அங்கேயே சற்று இளைப்பாறிவிட்டு வேலூர்க் கோட்டைக்கு நான்கரை மணிக்குப் போய்ச் சேரலாம். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் எழுந்த அந்தக் கோட்டையின் மதிலில் ஏறி அகழியைச் சுற்றிப் பார்த்து, 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் இதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். ஆறு மணிக்குக் கிளம்பினால் மறைகிற சூரியனும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவில் மட்டும் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஊரிலிருந்து திரும்பும் வண்டிகள் எல்லாம் ஸ்ரீபெரும்புதூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் வந்து சேர்ந்துகொள்வதால், அலுவலகத்தில் விடுப்புக் கேட்க முடிந்தவர்கள் வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்பிவிடுவது மேல்.