நான்கு வயதுக் குழந்தைக்கு ஏற்ற தமிழ் வகுப்பைத் திட்டமிடுவது எப்படி?

பாலர் பள்ளியில் தமிழ் கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியரின் முதல் வாரத் திட்டம் பெரும்பாலும் எழுத்துகளின் பட்டியலாகவே இருக்கும்: இந்த வாரம் அ, ஆ, அடுத்த வாரம் இ, ஈ. நானும் அப்படித்தான் தொடங்கினேன். சிங்கப்பூர்ப் பாலர் பள்ளியின் கே1 வகுப்பில் (தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆண்டுகள் முந்தைய வகுப்பு) 'அ' எழுத்தைப் புள்ளிகளாக அச்சிட்ட தாளைக் கொடுத்தபோது, ஒரு சிறுவன் பென்சிலை முழுக் கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு, அந்தச் சுழியைச் சுற்றி வர முடியாமல், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தினான். அவனுக்கு எழுத்து தெரியாமல் இல்லை. என் மேசைமேல் கிடந்த செய்தித்தாளில் அதே எழுத்தைக் காட்டிச் சரியாகச் சொன்னவன் அவன். அவன் கை இன்னும் எழுதத் தயாராகவில்லை என்பதை நான்தான் கவனிக்கவில்லை.

குழந்தையின் வளர்ச்சிக்கேற்ற பாடத்திட்டம் என்பது மூன்று கேள்விகளில் தொடங்குகிறது. இந்த வயதில் குழந்தைகள் பொதுவாக எதைச் செய்ய வல்லவர்கள்? என் முன் அமர்ந்திருக்கும் இந்தக் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது? அது எத்தகைய குடும்பத்தில், எந்த மொழியில், எந்தப் பண்பாட்டில் வளர்கிறது? அமெரிக்காவில் 1980களில் கோட்பாடாக வகுக்கப்பட்டு, 2020இல் மீண்டும் திருத்தப்பட்ட இந்த அணுகுமுறை நமக்கும் அந்நியமானதன்று. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்காக 2003இல் வெளியிட்டு, 2012இலும் 2022இலும் செப்பனிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பும் நோக்கமுள்ள விளையாட்டின் வழியாகக் கற்பதையே முன்வைக்கிறது. நாள்தோறும் என்ன செய்வது என்பதை அந்தக் கட்டமைப்பு வரி வரியாக விதிப்பதில்லை; அந்தப் பொறுப்பு பள்ளியிடமும் ஆசிரியரிடமும் இருக்கிறது.

ஆகவே, திட்டம் எழுதுவதற்கு முன் இரண்டு வாரங்கள் கவனியுங்கள். சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு ஒன்று போதும். "நன்றாகப் பேசினாள்" என்று எழுதினால் அடுத்த வாரம் அது எதற்கும் உதவாது. தேதியையும், என்ன செய்துகொண்டிருந்தபோது பேசினாள் என்பதையும், அவள் சொன்ன சொற்களை அப்படியே அவள் சொன்ன விதத்திலும் எழுதுங்கள். வீட்டில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதையும் பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நம் வகுப்பில் பாட்டியிடம் நாள் முழுதும் தமிழ் பேசும் குழந்தையும், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தையும், தெலுங்கோ மலையாளமோ பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தையும் ஒரே பாயில் அமர்ந்திருப்பார்கள். இவர்கள் மூவருக்கும் ஒரே தாளைக் கொடுப்பது எவருக்கும் பொருந்தாது.

எழுத்தைப் பொறுத்தவரை, கை முதலில், பென்சில் பிறகு. மணிக்கட்டு எலும்புகள் முழுமையாக உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்; விரல்களின் வலிமையும் மெல்ல மெல்லத்தான் கூடும். மாவு பிசைதல், துணி கவ்வியை அழுத்தித் திறத்தல், மணி கோத்தல், ஈரத் தூரிகையால் சிமெண்ட் தரையில் பெரிய கோடுகள் இழுத்தல் ஆகியவை எழுதுவதற்கான பயிற்சிகளே. தீபாவளியை ஒட்டி முறுக்கு உரலையும் பிசைந்த மாவையும் வகுப்பிற்குக் கொண்டுவந்தேன். மூன்று மாதங்களாகத் தமிழில் வாய் திறக்காத ஒரு சிறுமி, பிடி நழுவியபோது "வழுக்குது டீச்சர்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் எந்தப் பாடமும் நடத்தவில்லை. பிசையும்போது "வழுக்குது, ஒட்டுது, அழுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான். புதிய மொழியைக் கேட்கும் குழந்தை சில மாதங்கள் பேசாமலிருப்பது இயல்பு. அந்நாள்களில் அதைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், கேட்கும் வாய்ப்பைக் குறைக்கவும் செய்யாதீர்கள்.

எழுதத் தொடங்கும்போதும் நெடுங்கணக்கின் வரிசையைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லை. நேர்க்கோடுகளால் ஆன ட, ப ஆகியவை சுழியும் வளைவும் கொண்ட அ, இ ஆகியவற்றைவிடச் சிறு கைகளுக்கு எளியவை. தன் பெயரின் முதலெழுத்தைக் கற்க விரும்பும் குழந்தைக்கு அதையே முதலில் காட்டலாம்.

பேச்சுத் தமிழைப் பற்றித் தயக்கம் வேண்டாம். "என்ன வேண்டும் உனக்கு?" என்று நாம் எழுத்து நடையில் கேட்டால், வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகூட ஒரு கணம் திகைக்கும். "என்ன வேணும்?" என்று கேளுங்கள். கதைப்புத்தகத்தை வாசித்துக் காட்டும்போது எழுத்துத் தமிழ் தானாகவே காதில் விழும்.

ஒரே நடவடிக்கையைப் பல படிகளில் அமைப்பதே இந்த முறையின் மையம் என்பேன். காய்கறியும் மீனும் விற்கும் ஈரச்சந்தைக்குப் போய்வந்த பின், வகுப்பின் ஒரு மூலையில் காய்கறிக் கடை வையுங்கள். உண்மையான கத்தரிக்காயும் முருங்கைக்காயும் தராசும் இருக்கட்டும். ஒரு குழந்தை காயின் பெயரைச் சொன்னாலே போதும். இன்னொன்று "ரெண்டு கத்தரிக்கா வேணும்" என்று கேட்கட்டும். நன்றாகப் பேசும் குழந்தையைக் கடைக்காரராக்கி, விலைப்பலகை எழுதச் சொல்லுங்கள். அதில் பிழை இருந்தாலும் அழிக்காதீர்கள். அந்தக் குழந்தை தனியாகச் செய்ய முடியாததை உங்கள் சிறிய துணையோடு செய்யும் அந்த எல்லையில் நில்லுங்கள்: விடையைச் சொல்லிவிடாமல், "எவ்வளவு எடை இருக்கும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அன்று மாலை குறிப்பேட்டில் எழுதுவதே அடுத்த வாரத் திட்டத்தின் முதல் வரி. எல்லாரையும் ஒன்றாக அமர வைத்துப் பேசும் நேரம் 10, 15 நிமிடங்களைத் தாண்ட வேண்டாம்.

பெற்றோர் கேட்பார்கள்: "தொடக்கநிலை ஒன்றுக்குப் போகும்போது பின்தங்கிவிட மாட்டானா?" அக்கறையிலிருந்து வரும் கேள்வி அது, பொறுமையாக விடை சொல்ல வேண்டும். தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் கணக்கிடப்படும் தேர்வுகள் 2019 முதல் இல்லை என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அதைவிட, குழந்தை சொன்ன சொற்கள் தேதியோடு இருக்கும் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து காட்டுங்கள். ஜனவரியில் "கத்தரிக்கா" என்ற ஒரு சொல், ஜூலையில் "அம்மா, இது பிஞ்சு, அது முத்தல்" என்ற வாக்கியம். தம் பிள்ளையின் குரலை அதில் வாசிக்கும் பெற்றோர், பயிற்சித்தாள் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டு, அடுத்த சந்தைப் பயணத்திற்குத் தாங்களும் வரலாமா என்று கேட்கக் கண்டிருக்கிறேன்.