மொட்டை மாடி சோலார் லாபமா? ஆறு பில்லை வைத்துக் கணக்குப் போடுங்கள்

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மதுரையில் எங்கள் தெருவில் இரண்டு மூன்று மாடிகளில் பேனல் ஏறியதும், "அக்கா, நாங்களும் போடலாமா?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: போன ஒரு வருஷத்து ஈபி பில் ஆறையும் எடுத்து வாருங்கள். கம்பெனிக்காரர் காட்டும் லாபக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

வெயில் எல்லா மாடியிலும் ஒன்றுபோல்தான் அடிக்கிறது. வித்தியாசமெல்லாம் உங்கள் பில் எந்தப் படியில் நிற்கிறது என்பதில்தான். 2025 கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 முதல் 400 வரை யூனிட்டுக்கு நாலே முக்கால் ரூபாய் வாக்கில். 500ஐத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல், 600க்குப் பிறகு 9க்கு மேல், 800க்குப் பிறகு 10க்கு மேல். இதில் ஒரு குழி வேறு இருக்கிறது. 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குச் சலுகை விலை உண்டு; தாண்டினால் அது போய்விடும். 500 யூனிட்டுக்கு 1,800 ரூபாய் வாக்கில் வரும் பில், 510 ஆனால் 2,100ஐத் தாண்டுவது இதனால்தான்.

நெட் மீட்டர் வைத்தால், ஈபியிடமிருந்து நீங்கள் எடுத்த யூனிட்டிலிருந்து உங்கள் பேனல் ஈபிக்குக் கொடுத்த யூனிட்டைக் கழித்து, மீதிக்குத்தான் பில். அதாவது சோலார் கழிப்பது மேல் படியிலிருந்து. விலை அதிகமான யூனிட்தான் முதலில் போகும்.

இப்போது கணக்கு. நம் ஊரில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும். 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 650 யூனிட் என்று கொஞ்சம் கையைப் பிடித்தே வைப்போம். ஏசி ஓடும் மூன்று பில்லில் 900, மற்ற மூன்றில் 600 என்று ஒரு வீடு. 900க்கு 5,800 ரூபாய்க்கு மேல் கட்டியவர், சோலார் போட்டபின் 250 யூனிட்டுக்கு 500 ரூபாய்க்குள் கட்டுவார். 600 வரும் பில்லில் ஒன்றுமே கட்ட வேண்டாம். வருஷத்துக்கு மிச்சம் 24,000 ரூபாய்க்கு மேல். 3 கிலோவாட்டுக்கு 2 லட்சம் என்று வைத்தால், பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மானியம் 78,000 போகக் கையிலிருந்து 1,22,000. ஐந்து வருஷத்தில் முதல் திரும்பிவிடும்.

அதே கணக்கை 400 யூனிட் வீட்டுக்குப் போடுங்கள். பில்லே 1,200க்குள். 2 கிலோவாட் போட்டு, மானியம் 60,000 போக 80,000 செலவழித்தால், வருஷ மிச்சம் 7,000 ரூபாய். முதல் வரவே பதினொரு வருஷத்துக்கு மேல் ஆகும். நடுவில், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக்கும் இன்வெர்ட்டரை மாற்ற வேண்டி வந்தால் அதுவும் தள்ளிப்போகும். இவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். சூரியனுக்குச் செய்யும் மரியாதையாகப் போடுவதென்றால் அது வேறு விஷயம்.

எஃப்.டி.யோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எஃப்.டி.யில் முதல் அப்படியே இருக்கும். பேனலில் போட்ட முதல் தேய்ந்துகொண்டே போகும். அதனால் பேனல் 25 வருஷம் உழைக்கும் என்று வைத்து, போட்ட பணத்தை 25ஆல் வகுத்து வருஷ மிச்சத்திலிருந்து கழியுங்கள். முதல் வீட்டுக்கு அப்படிக் கழித்தும் 16 சதவீதம் வாக்கில் நிற்கிறது. அது செலவு மிச்சம்தான், வருமானம் இல்லை என்பதால் அதற்கு வரியும் கிடையாது. இரண்டாவது வீட்டுக்கு ஐந்து சதவீதம்கூடத் தேறாது.

எத்தனை கிலோவாட் என்பதில் பேராசை வேண்டாம். மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் 78,000தான். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை மாடியில் தயாரிப்பதில் ஒரு பைசா லாபம் இல்லை. ஆகவே உங்கள் சராசரியிலிருந்து 100ஐக் கழித்துவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். கீழே ஒரு சர்வீஸ், மாடியில் ஒரு சர்வீஸ் என்று இருந்தால், சோலார் எந்த மீட்டரில் சேர்கிறதோ அந்த பில்தான் குறையும். அதிக யூனிட் ஓடும் சர்வீஸைத் தேர்ந்தெடுங்கள். அந்த சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் முதலிலேயே பாருங்கள். தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால் பெயர் மாற்றிவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

கொட்டேஷன் வாங்குமுன் மாடி ஏறிப் பாருங்கள். 3 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி வேண்டும், நிழல் விழாத 300 சதுர அடி. காலை ஒன்பதுக்கும் மதியம் மூன்றுக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், நிழல் வடக்கே நீளும். அதற்கும் இடம் விடுங்கள். பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடும். துணி காயப்போட, வடகம் போட இடம் வேண்டுமென்று ஸ்டாண்டை உயர்த்தச் சொன்னால் அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். அதையும் போட்ட முதலோடு சேர்த்துத்தான் ஐந்து வருஷக் கணக்குப் போட வேண்டும். மானியத்துக்கு உள்நாட்டு செல் உள்ள பேனல் கட்டாயம். கொட்டேஷனில் 'டிசிஆர்' என்று எழுதி வாங்குங்கள்.

கரண்ட் போனால், பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் கட்டுக்காகப் போடுகிறவர் பேட்டரி விலையையும் சேர்க்க வேண்டும், சேர்த்தால் மேலே சொன்ன லாபம் நன்றாக அடி வாங்கும்.

கடன் வாங்கிப் போடுவதானால், பொதுத்துறை வங்கிகளில் இதற்கென்றே அடமானம் இல்லாத கடன் இருக்கிறது. நகையை வைக்க ஓடாதீர்கள். மாதத் தவணையை இரண்டால் பெருக்கி, பில்லில் மிச்சமாகும் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மானியம், வேலை முடிந்து மீட்டர் வைத்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை அந்த 78,000 உங்கள் கைக்காசுதான்.

அப்புறம், பேனலைப் போர்த் தண்ணீரில் கழுவாதீர்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொள்ளும். விடியற்காலையில், கண்ணாடி சூடேறுவதற்கு முன், நல்ல தண்ணீர் விட்டு மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.