மட்டக்களப்பில் பூமியின் காந்தப்புலத்தை அளப்பது எப்படி?

உலகின் பல இடங்களில் பூமியின் காந்தப்புலம் சரிந்து நிலத்துக்குள் இறங்கும். லண்டனில் சரிவு ஏறத்தாழ 66 பாகை. மட்டக்களப்பிலோ அது கிட்டத்தட்டக் கிடையாக ஓடுகிறது. புலம் சரியாமல் கிடையாக ஓடும் இடங்களை இணைக்கும் காந்த மத்தியகோடு இலங்கைக்கு மிக அருகே போவதுதான் காரணம். கிடைப் புலத்தை மட்டும் அளந்தாலே இங்கே முழுப் புலமும் கிடைத்துவிடும். இவ்வளவு வசதியான ஊர் எல்லோருக்கும் வாய்க்காது.

தேவையானவை: 160 மி.மீ. பீவீசீ குழாயில் 3 செ.மீ. அகலத் துண்டு, மோட்டர் சுற்றும் கடையில் 0.5 மி.மீ. எனாமல் செப்புக்கம்பி 8 மீற்றர், பெரிய டோர்ச் பற்றரி இரண்டு, 4.7 ஓம், 10 ஓம் தடையிகள் (5 வாட்), மல்டிமீற்றர், சிறிய திசைகாட்டி. ஊசி 3 செ.மீ.க்கு மேல் நீளக்கூடாது. நீண்டால் முனைகள் மையத்தை விட்டு விலகிக் கணக்கு பிழைக்கும்.

முதலில் குழாய்த் துண்டில் 10 சுற்றுகளை நெருக்கமாகச் சுற்றி ரேப் ஒட்டுங்கள். மீதிக் கம்பியின் இரு நுனிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். அப்போது அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நுனிகளில் எனாமலைப் பிளேடால் செம்பு பளிச்சிடும் வரை சுரண்டுங்கள். மின்னோட்டம் பூச்சியம் காட்டினால் பெரும்பாலும் இதுதான் கோளாறு. பற்றரி, 4.7 ஓம் தடையி, மல்டிமீற்றர், சுருள் எல்லாம் தொடராக. சிவப்புக் கம்பி 10 அம்பியர் துளையில் இருக்கட்டும். மில்லி அம்பியர் துளையில் செருகினால் பியூஸ் போய்விடும்.

இனி இடம். சீமெந்து நிலத்துக்குள் இரும்புக் கம்பி, மேசையில் ஆணி, கூரையில் தகரம்: வீட்டுக்குள் ஊசியை நம்ப முடியாது. கல்லடிக் கடற்கரை மணலில், மோட்டார் சைக்கிள்களிலிருந்து எட்டத்தில், பிளாஸ்டிக் கதிரை ஒன்று போதும். பற்றரியும் மீற்றரும் ஒரு மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும்.

சுருளை நிமிர்த்தி, மையத்தில் மட்டையொன்றின் மேல் திசைகாட்டியைக் கிடையாக வையுங்கள். ஊசி சுருளின் தளத்துக்குள் அடங்கும்வரை சுருளைத் திருப்புங்கள். ஐரோப்பாவுக்கெனச் சமநிலைப்படுத்திய ஊசியில் தென்முனை கனமாக இருக்கும். இங்கே அது தாழ்ந்து அடியில் உரசும். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம்.

ஓட்டத்தை 5 விநாடி மட்டும் விடுங்கள். சுருளின் புலம் ஊசியைக் குறுக்கே இழுக்கும், பூமியின் புலம் வடக்கே இழுக்கும். ஊசி திரும்பிய கோணத்தையும் அம்பியரையும் குறியுங்கள். பற்றரி முனைகளை மாற்றி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். இரு கோணங்களும் 3 பாகைக்கு மேல் வேறுபட்டால் சுருள் நேராக நிற்கவில்லை.

இந்தச் சுருளின் புலம் அம்பியருக்கு 78.5 மைக்ரோதெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). அதை ஓட்டத்தால் பெருக்கி, கோணத்தின் தான்சனால் (tan) வகுத்தால் பூமியின் புலம் வரும். உதாரணமாக 0.53 அம்பியர், 46 பாகை என்றால் விடை 40.2 மைக்ரோதெஸ்லா. மட்டக்களப்பில் சுமார் 40 வரவேண்டும்.

இதே சுருளில் மற்றக் கோள்களின் புலத்தின் அளவையும் உண்டாக்கிப் பார்க்கலாம். இப்போது 10 ஓம் தடையிக்கு மாற்றுங்கள். ஓட்டம் 0.27 அம்பியருக்கு இறங்கும்; சுருளின் மையத்தில் இருப்பது ஏறத்தாழ 21 மைக்ரோதெஸ்லா. சனியின் மத்தியகோட்டில், மேகங்களின் உயரத்தில் உள்ள புலம் இதே அளவுதான். ஊசி 28 பாகை திரும்பும். வியாழனுக்கு இதைப் போல 20 மடங்கு, அதாவது 5 அம்பியருக்கு மேல் வேண்டும்; டோர்ச் பற்றரியால் முடியாது, முயலவும் வேண்டாம். வெள்ளிக்கோ சொந்தப் புலமே இல்லை.

புதனுக்கு இரண்டரை மில்லி அம்பியர் போதும். ஆனால் ஊசி 0.3 பாகைகூட அசையாது, கண்ணுக்குத் தெரியாது. 1974இல் மரைனர் 10 விண்கலம் அந்தப் புலத்தைக் கண்டுபிடித்தது, கலத்தின் சொந்த இரும்பும் மின்னோட்டமும் குழப்பாதபடி நீண்ட கோலின் நுனியில் பொருத்திய காந்தமானியால்.