ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதியில் முதல் இரவு: படிப்படியான செய்முறை

ஜப்பான் பயணத் திட்டத்தில் ஓர் இரவாவது ரியோகான் என்ற பாரம்பரிய விடுதியில் தங்க வேண்டும் என்று பலரும் எழுதி வைக்கிறார்கள். ஆனால் மற்ற ஓட்டல்களைப் போலவே நினைத்து, பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்குத்தான் போய் இறங்குகிறார்கள். அங்கேயே பாதிக் காசு வீண். மாலைக் குளியல், இரவுச் சாப்பாடு, மறுநாள் காலைக் குளியல், காலைச் சாப்பாடு, இவை எல்லாம் சேர்ந்ததுதான் ரியோகான். நீங்கள் கொடுக்கும் காசில் அறைக்கானது ஒரு பங்குதான். மாலை மூன்று மணிக்கு அறை கொடுப்பார்கள் என்றால், மூன்றுக்கே வாசலில் நிற்கப் பாருங்கள்.

உதாரணத்துக்கு ஹியோகோ மாகாணத்தில் உள்ள கினோசாகியை எடுத்துக்கொள்கிறேன். முதல்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் ஊர் இதுதான். கியோத்தோவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். நடுவில் சின்ன ஆறு, இரு கரையிலும் வில்லோ மரங்கள், மரத்தால் கட்டிய விடுதிகள். 1925 நிலநடுக்கத்தில் ஊரே அழிந்துபோக, பழைய முகத்தை விடாமல் மறுபடி கட்டி எழுப்பினார்கள்.

படி 1: முன்பதிவு

ரியோகானில் கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு. ஒரு இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு என்பதே வழக்கமான கணக்கு. வலைத்தளத்தில் காட்டும் தொகை ஒருவருக்கா இருவருக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கினோசாகியில் நவம்பர் முதல் மார்ச் வரை நண்டுப் பருவம். அப்போது விலை நன்றாகவே ஏறும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. சூரை மீனைப் புகையில் காயவைத்துச் சீவிய சீவல்களையும் கடற்பாசியையும் ஊறவைத்து எடுப்பது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். மீன் துண்டு கண்ணில் படாததால் சைவம் என்று சமையற்காரரே நினைத்துக்கொள்ளலாம். ஆகவே "நான் சைவம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை என்று எவையெல்லாம் கூடாதோ அவற்றைப் பட்டியலாக, ஜப்பானிய மொழியிலேயே, முன்பதிவின்போதே எழுதி அனுப்புங்கள். மெனுவும் சந்தைக் கொள்முதலும் முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், போய் இறங்கிய பிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் பட்டினி. முடியாது என்று பதில் வந்தால் சாப்பாடு இல்லாத 'சுதோமாரி' கட்டணத்தில் எடுங்கள். இரவுச் சாப்பாட்டின் அழகு போய்விடும்தான், ஆனால் குளியல் மிச்சமிருக்கிறது. தூய சைவ விருந்தே முக்கியம் என்றால் கோயா மலையில் உள்ள கோயில் விடுதிகள் இன்னும் பொருத்தம்.

உடம்பில் பச்சை குத்தியிருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள். பல குளியல் இடங்களில் அனுமதியில்லை. கினோசாகியின் பொதுக் குளியல் இல்லங்களில் தடை கிடையாது.

படி 2: வாசலும் அறையும்

வாசலில் ஒரு படி உயரம் தெரியும். அதற்குக் கீழே செருப்பு, மேலே விடுதி கொடுக்கும் ஸ்லிப்பர். அறைக்குள் தத்தாமிப் பாய் தொடங்கும் இடத்தில் ஸ்லிப்பரும் கழற்ற வேண்டும். கழிப்பறைக்கு மட்டும் தனி ஸ்லிப்பர். அதைப் போட்டபடியே வெளியே வந்துவிடாதீர்கள். பெட்டியைத் தத்தாமி மேல் உருட்டாமல் தூக்கி வையுங்கள்; கோரைப் பின்னல் சீக்கிரம் கிழியும். சுவரில் உள்வாங்கி, ஓவியமும் பூவும் வைத்திருக்கும் மேடை சாமான் வைக்கும் இடம் அல்ல.

பணிப்பெண் தேநீர் ஊற்றித் தந்து, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்பார். ஆறு, ஆறரை, ஏழு என்று சில நேரங்கள்தான் இருக்கும். குளித்துவிட்டுச் சாப்பிட வசதியான நேரமாகச் சொல்லுங்கள்.

படி 3: யுகாத்தா கட்டுவது

அலமாரியில் யுகாத்தா என்ற பருத்தி அங்கியும் இடுப்புக் கச்சையும் இருக்கும். வலது மடிப்பை முதலில் உடம்போடு ஒட்டி வைத்து, அதன்மேல் இடது மடிப்பைக் கொண்டுவாருங்கள். இதை மாற்றிவிடக் கூடாது. வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. சாப்பாட்டுக்கும் இதே உடையில் போகலாம். கினோசாகியில் தெருவிலும் இதே உடைதான். காலுக்கு மரக் கட்டைச் செருப்பு விடுதியிலேயே தருவார்கள்.

படி 4: குளியல்

நுழைவில் துணித் திரை தொங்கும். பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தைப் பாருங்கள். மேல் பாதியில் நான்கு கட்டம் போட்ட ஜன்னல் மாதிரி இருந்தால் ஆண். கட்டமே இல்லாமல் கோடுகள் குறுக்கிட்டால் பெண். பல விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் இடையே இரண்டையும் மாற்றிவிடுவார்கள். காலையில் மறுபடி பார்த்துவிட்டே நுழையுங்கள்.

உடை மாற்றும் அறையில் கூடைகள் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். உள்ளாடை, நீச்சலுடை எதுவும் கிடையாது. நம் ஊரில் ஆற்றில் குளித்தாலும் உடம்பில் துணியோடு குளித்துப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய தயக்கம். உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அந்த ஊர்ப் பாட்டியும் பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக் குளித்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் கூச்சம் போய்விடும். அப்படியும் முடியாது என்றால், பல விடுதிகளில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று குடும்பத்துக்குத் தனியாகத் தரும் குளியலறை உண்டு. வந்து இறங்கியதுமே அதற்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

நகைகளை அறையிலேயே கழற்றி வையுங்கள். கினோசாகியில் இருப்பது உப்பு வகை நீர். ஆனால் குசாட்சு, நொபோரிபெட்சு போன்ற ஊர்களின் கந்தக ஊற்றுகளில் வெள்ளி கறுத்துவிடும். கொலுசு, மெட்டி அணிபவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

உள்ளே சுவரோரமாகத் தாழ்ந்த முக்காலி, வாளி, ஷவர், சோப்பு இருக்கும். முக்காலியில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். நின்றால் பக்கத்திலிருப்பவர் மேல் தெறிக்கும். தலையில் எண்ணெய் இருந்தால் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லாமல் அலசுங்கள். இந்தக் குளியல்தான் அழுக்குப் போக. தொட்டி அழுக்குப் போக்க அல்ல. எல்லோரும் இறங்கும் தண்ணீர் அது. சோப்பு நுரை துளியும் உடம்பில் இருக்கக் கூடாது. முடித்ததும் முக்காலியையும் கழுவிவிட்டு எழுந்திருங்கள்.

அப்புறம் தொட்டி. தண்ணீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும், முதல் தொடலில் சுடும். தொட்டியோரம் வாளியால் மொண்டு, பாதத்திலிருந்து மேல்நோக்கி உடம்பில் ஊற்றிக்கொண்டு, காலை மெதுவாக இறக்குங்கள். சுடுகிறதே என்று அசையாதீர்கள். அசையாமல் இருந்தால்தான் சூடு பழகும். துண்டைத் தண்ணீரில் விடக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வது வழக்கம். முடி நீளமாக இருந்தால் தூக்கிக் கட்டுங்கள், தலையை முக்காதீர்கள். கைப்பேசி உள்ளே வரவே கூடாது.

முதல்முறை ஐந்து, பத்து நிமிடம் போதும். வெளியே ஏறி உட்கார்ந்து, ஆறியதும் மறுபடி இறங்கலாம். தலை சுற்றினால் சட்டென்று எழாமல் மெல்ல ஏறுங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவதே நல்லது. மது அருந்திய பிறகு இறங்கவே வேண்டாம். உடை மாற்றும் அறைக்குத் திரும்பும் முன் சின்னத் துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிடுங்கள், தரை ஈரமாகாது. வெளியே வந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர்.

படி 5: ஊர்க் குளியல்

கினோசாகியின் தனிச்சிறப்பு அங்குள்ள ஏழு பொதுக் குளியல் இல்லங்கள். விடுதியில் தங்குகிறவர்களுக்கு இலவச அனுமதி உண்டு. இச்சி நோ யுவில் பாறைக்குள் குகைபோல அமைத்த தொட்டி இருக்கிறது. கோஷோ நோ யுவில் திறந்தவெளித் தொட்டி. ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, எது என்று விடுதியில் சொல்வார்கள். ஏழையும் ஒரே மாலையில் முடித்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். உடம்பு தாங்காது. சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின்னர் ஒரு மணி நேரம் விட்டு இன்னொன்று போதும்.

படி 6: சாப்பாடும் படுக்கையும்

கைசெகி விருந்து சின்னச் சின்னத் தட்டுகளாக வரும். சோறு பெரும்பாலும் கடைசியில்தான். சோறு வரட்டும் என்று காத்திருந்தால் முன்னால் இருப்பதெல்லாம் ஆறிப்போகும். நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது பணியாளர் அறைக்குள் வந்து தரையில் மெத்தை விரித்துவைப்பார். இது வழக்கம், பதற வேண்டாம்.

படி 7: காலை

சீக்கிரம் எழுந்து, காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை குளியுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், குளிர்காலம் என்றால் திறந்தவெளித் தொட்டியில் ஆவி பறக்கும். அறையைப் பத்து மணிக்குக் காலி செய்யச் சொல்வது வழக்கம். ரசீதில் ஊற்றுக் குளியல் வரி தனியாக வரும், பல ஊர்களில் ஆளுக்கு 150 யென். டிப்ஸ் கொடுக்கத் தேவையில்லை. ரயிலுக்கு நேரமிருந்தால் பெட்டியை முன்மேசையில் ஒப்படைத்துவிட்டு ஊரைச் சுற்றலாம்.